கேஷ்பேக்: ஆரின்ர காசு?

எங்கள் கூட்டத்தில் ஒருவன் முதல் வேலைக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வங்கியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. சிங்களத்தில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு மாறி, கடைசியில் தமிழ் தெரிந்த ஒருவரிடம் போன் கைமாறியது. 'தம்பி, உங்களுக்குக் கடனட்டை ஒண்டு ரெடியா இருக்கு. சூப்பர்மார்க்கெட்டுக்கு 5 வீதம் கேஷ்பேக். முதல் வருசம் கட்டணமும் இல்லை. எப்பிடியும் செலவழிக்கப் போறீங்கள்தானே, சும்மா ஏன் விடுறீங்கள்?'

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் கூடினோம். பேசியது கார்டைப் பற்றி. எந்த வங்கி 1 வீதம், எந்த வங்கி 5 வீதம், எரிபொருளுக்கு எது, சாப்பாட்டுக்கு எது என்று இரண்டு மணித்தியாலம். ஒருத்தி மடிக்கணினியில் அட்டவணையே போட்டாள். எல்லாம் முடிந்து பிளேன்ரீ குடிக்கும்போதுதான் உறைத்தது: மார்க்சியம், பெண்ணியம், சாதி எல்லாவற்றிலும் 'இதால் ஆருக்கு லாபம்?' என்று கேட்கப் பழகிய நாங்கள், இந்த இரண்டு மணித்தியாலத்தில் அந்தக் கேள்வியை ஒருதரம்கூடக் கேட்கவில்லை. திருப்பித் தருகிற காசு எங்கிருந்து வருகிறது? வங்கி தன் சட்டைப் பையிலிருந்தா தருகிறது?

எங்களுக்கே வெட்கமாகப் போனதால்தான் இதை எழுதுகிறோம். 'அன்றாடச் செலவுக்கு எந்தக் கேஷ்பேக் கார்ட் நல்லது' என்பது இன்று எங்கள் வயதுக்காரர் கேட்கிற முதல் நிதிக் கேள்வியாகிவிட்டது. அது தவறான முதல் கேள்வி என்பதே எங்கள் வாதம்.

முதலில் அந்த 5 வீதம்

நண்பன் கடைசியில் கார்டை எடுத்தான். கையெழுத்து வைத்த படிவமும் நிபந்தனைகளும் முழுக்க ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் இருந்தன. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தோம். 5 வீதம் சனி, ஞாயிறு மட்டும். ஒரு பில் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் திரும்பாது. பெற்றோல், மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், காப்புறுதி, தவணை முறையில் வாங்கியவை ஒன்றுக்கும் இல்லை.

அவன் மாதம் 40,000 ரூபாய் அளவில் கார்டில் போடுகிறான். அதில் சனி, ஞாயிறு சூப்பர்மார்க்கெட்டில் போவது 12,000. மிச்சமெல்லாம் விலக்கப்பட்ட பட்டியலில். ஆக அவனுக்குத் திரும்புவது 600 ரூபாய். வருடத்துக்கு 7,200. இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் 5,000. மிஞ்சுவது 2,200. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 183 ரூபாய். ஒரு கொத்துரொட்டிக்குக்கூடக் காணாது. ஒரு மாதம் கட்ட மறந்து தாமதக் கட்டணம் விழுந்தால் அதுவும் போச்சு.

இந்த 183 ரூபாய்க்காக அவன் என்ன செய்கிறான் தெரியுமா? முன்பு புதன்கிழமை பின்னேரம் சந்தியில் இருக்கிற சின்னக் கடையில் வாங்கிய சாமானை, இப்போது சனிக்கிழமை வரை காத்திருந்து சூப்பர்மார்க்கெட்டில் வாங்குகிறான். பில் 4,300 வந்தால் 5,000 ஆக்குவதற்கு ஒரு பிஸ்கட் பக்கெட்டும் ஒரு ஷாம்பூவும் கூடப் போடுகிறான். 250 ரூபாய் திரும்ப எடுக்க 700 ரூபாய் கூடச் செலவழிக்கிறான். கேட்டால் 'சேமிக்கிறன்' என்கிறான்.

அவனைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. 2001இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். கூடைப்பந்தாட்ட நுழைவுச்சீட்டுகளை மாணவர்களிடம் ஏலத்துக்கு விட்டார்கள். ஒரு பகுதியினர் காசாகக் கட்டவேண்டும், மற்றப் பகுதியினர் கார்டில் கட்டவேண்டும். கார்ட் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை மற்றவர்களுடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீட்டு ஒன்றுதான். தாளை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு வலிக்கிறது, கார்டைத் தட்டும்போது வலிப்பதில்லை. வலியில்லாமல் இருப்பதற்காகத்தான் வங்கி உனக்கு 5 வீதம் தருகிறது.

காசு வருகிற வழி ஒன்று: கட்ட முடியாதவன்

கார்டின் உண்மையான வருமானம் ஆண்டுக் கட்டணத்தில் இல்லை, வட்டியில் இருக்கிறது. கணக்குச் சுலபமாக இருக்க வட்டியைக் குறைவாகவே, வருடத்துக்கு 24 வீதம் என்று வைப்போம். மாதம் 2 வீதம். உன் கார்டில் ஒரு இலட்சம் ரூபாய் பாக்கி நிற்கிறது. ஒரு மாத வட்டி 2,000 ரூபாய். 1 வீதக் கேஷ்பேக்கில் அந்த 2,000 ரூபாயைத் திரும்ப எடுக்க நீ அதே மாதம் இரண்டு இலட்சம் ரூபாய்க்குச் செலவழிக்கவேண்டும். சம்பளம் எவ்வளவு?

இப்போது அறிக்கையின் அடியில் இருக்கிற 'ஆகக் குறைந்த கொடுப்பனவு' என்ற வரியைப் பாருங்கள். பாக்கியில் 5 வீதம் என்று வைப்போம். ஒவ்வொரு மாதமும் அதை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறாய். கார்டைத் தொடவேயில்லை, புதிதாக ஒரு சதம்கூடச் செலவழிக்கவில்லை. ஒரு வருடம் முடிய நீ கட்டியிருப்பது கிட்டத்தட்ட 52,000 ரூபாய். பாக்கி இன்னும் 68,500 ரூபாய்க்கு மேல். கட்டியதில் 20,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. வங்கியின் பார்வையில் நீ மிக நல்ல வாடிக்கையாளன். அதனால்தான் உன் கடன் எல்லையைக் கூட்டித் தருவதாகச் செய்தி வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வட்டியில்லாக் காலம் கிடைக்கும். ஒரு மாதம் முழுக்கக் கட்டாமல் விட்டால், பொதுவாகப் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். காலையில் வாங்கிய பாணுக்கும் வட்டி. ஏ.ரி.எம்.இல் கடனட்டையைப் போட்டுக் காசு எடுத்தால் வட்டியில்லாக் காலமே கிடையாது, அதோடு தனிக் கட்டணமும் உண்டு.

'வட்டி எவ்வளவு எண்டு தெரிஞ்சுதானே எடுத்தனாங்கள்' என்று சொல்லவும் முடியாது. அது மாறும். 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு வைத்தது. பலர் அந்த நம்பிக்கையில்தான் கார்ட் எடுத்தார்கள். 2022 ஏப்ரலில், நாடு கடன் கட்ட முடியாது என்று கைவிரித்த அதே மாதத்தில், வரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் வட்டி 30 வீதத்தைத் தாண்டிப் போனது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். சம்பளம் அப்படியே கிடந்தது. அரிசிக்கும் பால்மாவுக்கும் கார்டைத் தட்டியவர்கள் அந்த வருடத்தின் பாக்கியை எத்தனை மாதம் இழுத்தார்கள் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள். 2023இல் திரும்பவும் 28 வீதத்தில் ஒரு உச்சவரம்பு வந்தது. 18இல் கையெழுத்து வைத்தவன் 28ஐ நிவாரணமாக ஏற்றுக்கொள்ளவேண்டிய நிலை.

ஆக, நீ வாங்கும் கேஷ்பேக்கில் ஒரு பங்கு இவர்கள் கட்டும் வட்டி. இன்று அவர்கள். நாளைக்கு ஒரு ஒப்பரேஷன், ஒரு வேலை இழப்பு, ஒரு செத்தவீடு வந்தால் நீ.

வழி இரண்டு: காசாகக் கட்டுபவள்

'நான் ஒவ்வொரு மாதமும் முழுக்கக் கட்டுறனான். எனக்கென்ன?' இதுதான் எங்களுக்குள்ளேயே வந்த வலுவான மறுப்பு. நியாயமான கேள்வி. முழுக்கக் கட்டுபவனுக்கு வட்டி இல்லை. அவனுக்குக் கேஷ்பேக் உண்மையான லாபம்தான். ஆனால் அந்த லாபத்தை ஆரோ கட்டவேண்டும்.

கார்டைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் தன் விற்பனையில் இரண்டு மூன்று வீதம் அளவில் கட்டணமாக இழக்கிறார். அதை வங்கிகளும் கார்ட் நிறுவனங்களும் பிரித்துக்கொள்கின்றன. அதில் ஒரு துண்டுதான் உன்னிடம் 'பரிசாக' வருகிறது. பெரிய கடை அந்தக் கட்டணத்தை விலைக்குள் ஒளித்துவிடும். கார்டுக்கும் ஒரே விலை, காசுக்கும் ஒரே விலை. நீ கார்டைத் தட்டிப் பால்மா வாங்குகிறாய். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் அம்மா, நாட்சம்பளக்காரி, மடித்து வைத்த தாள்களை எண்ணிக் கொடுத்து அதே பால்மாவை அதே விலைக்கு வாங்குகிறாள். உன் கார்டின் கட்டணத்திலும் அவள் பங்கு கட்டுகிறாள். உனக்கு 5 வீதம் திரும்புகிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு கார்டும் கிடைக்காது, சம்பளப் பத்திரம் இல்லை.

இது எங்கள் கற்பனை இல்லை. 2010இல் பொஸ்டன் பெடரல் ரிசேர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் மூவர் அமெரிக்கக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். காசாகக் கட்டும் குடும்பம் ஒன்று சராசரியாக வருடத்துக்கு 149 டொலரை இழக்கிறது. கார்டில் கட்டும் குடும்பம் ஒன்றுக்கு 1,133 டொலர் வந்து சேர்கிறது. ஏழைகளிடமிருந்து வசதியானவர்களுக்கு. தொகை அந்த நாட்டுக்குரியது, பொறி எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் வங்கிகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் இந்தக் கட்டணத்துக்குக் கடனட்டையில் 0.3 வீதம் என்று கடிவாளம் போட்டதற்குக் காரணங்களில் இதுவும் ஒன்று.

எங்கள் ஊர்ப் போன் கடைக்காரர்தான் உண்மையைச் சொல்கிறார். 'காசு எண்டா இந்த விலை, கார்ட் எண்டா 3 வீதம் கூட.' நாங்கள் கோபப்படுகிறோம். அப்படி வாடிக்கையாளரிடம் அறவிடக்கூடாது என்று மத்திய வங்கியும் சொல்கிறது. விதி சரிதான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள்: இலாபமே சில வீதத்தில் ஓடுகிற சின்னக் கடை அது. ஒளித்து எடுப்பவனுக்கு 'அன்பான வாடிக்கையாளர்' என்று நன்றி சொல்கிறோம், வெளியே சொல்பவரைக் கள்ளன் என்கிறோம். கணக்கையும் பாருங்கள்: 3 வீதம் கூடக் கொடுத்து 1 வீதம் திரும்ப எடுப்பதற்குப் பெயர் சேமிப்பா?

'0 வீதத் தவணை' கதையும் இதன் தங்கச்சிதான். வட்டி இல்லை என்பார்கள். காசாகக் கட்டினால் கிடைக்கும் கழிவு கிடைக்காது, பல இடங்களில் கையாளும் கட்டணம் ஒன்றும் இருக்கும். பெயரை மாற்றினால் வட்டி வட்டியில்லாமல் போகாது.

எங்கள் திமிரைப் பற்றியும் ஒரு வார்த்தை

போருக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்குள் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் கம்பனிகளும் வந்தபோது, வாராவாரம் குழுவாக இருந்து கடன் கட்டிய அம்மாக்களைப் பற்றி நாங்கள் என்னவெல்லாம் பேசினோம்? 'படிக்காத சனம், கணக்குத் தெரியாது, கையெழுத்து வைச்சுப்போட்டு அழுகுதுகள்.' கடன் தாங்காமல் பெண்கள் உயிரை மாய்த்த செய்திகள் வந்தபிறகுதான் அது அரசியலானது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அது சிங்களப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் ஒரே மாதிரி அனுபவித்த துன்பம்.

நாங்கள்? பட்டம் பெற்றவர்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள். ஆனால் நிபந்தனையை வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறோம். ஆகக் குறைந்த கொடுப்பனவை மட்டும் கட்டிக்கொண்டு 'மனேஜ் பண்ணுறம்' என்கிறோம். அவர்களின் கடனுக்குப் பெயர் கடன், எங்களுடையதற்குப் பெயர் 'லைஃப்ஸ்டைல்'. அவர்களாவது வாரம் ஒருதரம் கூடியிருந்து ஆர் கஷ்டத்தில் என்று தெரிந்துகொண்டார்கள். எங்களில் ஆர் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோம் என்று, வருடக்கணக்காகப் பழகியும், அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒருவருக்கொருவர் தெரியாது. அன்றைக்கு ஒருவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: இரண்டு கார்ட், மூன்று இலட்சத்துக்கு மேல், வீட்டுக்குத் தெரியாது. அட்டவணை போட்டவள் மடிக்கணினியை மூடிவிட்டாள்.

வாங்கிய அளவுக்குக் காசைத் திருப்பித் தருவது வங்கி கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேலில் நெசவாளர்கள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடையில், மிகுதியை அங்கத்தவர் வாங்கிய அளவுக்கேற்பப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்ச் சங்கக் கடைகளும் அந்த மரபில் வந்தவைதான். அங்கே கடை வாங்குபவர்களுடையது, மிகுதி அவர்களுடையது. ஆரிடமிருந்தோ எடுத்து ஆருக்கோ கொடுக்கவில்லை. கார்ட் அந்தப் பழக்கத்தின் வெளித்தோலை மட்டும் எடுத்துக்கொண்டது.

அப்ப கார்டே வேண்டாமா?

அப்படி நாங்கள் சொல்லவில்லை. 'கடனே வாங்காதை' என்று மூத்தவர்கள் சொல்லும் உபதேசத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அவர்களே சீட்டிலும் அடகிலும் கைமாற்றிலும்தான் எங்களைப் படிப்பித்தார்கள். நடு இரவில் தனியார் வைத்தியசாலையில் முற்பணம் கேட்கும்போது, வெளிநாட்டுப் பரீட்சைக்குப் பணம் கட்டும்போது கார்ட் உதவும். அதை ஒரு கருவியாக வைத்திருப்பதில் பிழையில்லை. ஆனால் தெரிவு செய்யும் ஒழுங்கை மாற்றுங்கள்.

முதலில் வட்டி வீதத்தைக் கேளுங்கள். பிறகு ஆண்டுக் கட்டணம், அது எப்போது விலக்கப்படும். பிறகு தாமதக் கட்டணம். பிறகு, ஒவ்வொரு மாதமும் முழுப் பாக்கியும் சம்பளக் கணக்கிலிருந்து தானாகக் கழிய ஒழுங்கு செய்யலாமா என்று. இதற்கு 'ஓம்' என்று சொல்லாத கார்ட் எத்தனை வீதம் திருப்பித் தந்தாலும் வேண்டாம். பிறகு கடன் எல்லை: வங்கி தருவதை எடுக்காதீர்கள், மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிக் குறையுங்கள். இவ்வளவும் சரிவந்த பிறகு, கடைசியாகக் கேஷ்பேக்கைப் பாருங்கள். அதிலும் நாள் பார்க்காமல், கடை பார்க்காமல் எல்லாவற்றுக்கும் வரும் 1 வீதம், நிபந்தனையோடு வரும் 5 வீதத்தைவிட மேல். அது உங்கள் பழக்கத்தை மாற்றாது.

ஏற்கெனவே பாக்கி நிற்கிறதென்றால் கேஷ்பேக் பேச்சையே விடுங்கள். கார்டை வீட்டில் வையுங்கள். வட்டி கூடிய கார்டை முதலில் முடியுங்கள். கட்டாமல் ஒளிந்தால் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் ஏறும், 'கிரிப்பில் விழுந்திட்டன்' என்று சனம் சொல்வது அதைத்தான். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். வங்கிக்குப் போய் தவணையாக்கித் தரச்சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை. நண்பர்களிடம் சொல்வதிலும் இல்லை.

தனியாள் கவனமாக இருந்தால் மட்டும் இது தீராது. ஆகவே நாங்கள் கேட்பவை மூன்று. ஒன்று, தமிழில் படிவமும் நிபந்தனையும் அறிக்கையும். 1987இலிருந்து தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. வாடிக்கையாளர் தெரிவு செய்யும் மொழியில் தகவல் தரவேண்டும் என்பது மத்திய வங்கியின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலும் உண்டு. விளம்பரம் மட்டும் அழகான தமிழில் வருகிறது, பொறுப்பு முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. இரண்டு, ஒவ்வொரு மாத அறிக்கையிலும் 'ஆகக் குறைந்த கொடுப்பனவை மட்டும் கட்டினால் இந்தக் கடன் முடிய இத்தனை வருடம், இத்தனை ரூபாய் வட்டி' என்று கேஷ்பேக் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில். மூன்று, கடைக்காரரிடம் எடுக்கும் கட்டணம் எவ்வளவு, ஆருக்கு எவ்வளவு போகிறது என்பது வெளியே தெரியவேண்டும், சின்னக் கடைகளுக்கு அது குறையவேண்டும்.

இவை நாளைக்கே நடக்கும் என்று நாங்கள் கனவு காணவில்லை. ஆனால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த தடவை போனிலோ, சூப்பர்மார்க்கெட் வாசலில் மேசை போட்டோ, 'தம்பி, தங்கச்சி, 5 வீதம் திரும்ப வரும்' என்று கேட்டால், கோபப்படாமல், பொறுமையாக, தமிழில் கேளுங்கள். அவரும் மாத இலக்குக்காக ஓடும் எங்களைப்போல ஒரு பெடியன்தான்.

'நல்லது அண்ணை. அது ஆரின்ர காசு?'